ஃபுளோட்டிங் லைசென்ஸும் டைம்அவுட்டும்: லைசென்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்கான முழுமையான வழிகாட்டி

இருபது பேர் இருக்கும் டிசைன் பிரிவுக்கு எட்டு லைசென்ஸ் வாங்கி ஒரு சர்வரில் வைத்திருக்கிறார்கள், இப்படிப் பகிர்வதுதான் ஃபுளோட்டிங் லைசென்ஸ். மென்பொருளைத் திறப்பவர் ஒன்றை எடுத்துக்கொள்வார், மூடும்போது அது பொதுக் கணக்குக்குத் திரும்பும். ஒன்பதாவதாக வருபவர் காத்திருக்க வேண்டும். ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் மூடுவதில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு டீ குடிக்கப் போவதுபோல, மென்பொருளைத் திறந்து வைத்துவிட்டு மீட்டிங்குக்குப் போய்விடுகிறார்கள்.

இதற்கு மருந்து இன்ஆக்டிவிட்டி டைம்அவுட். குறிப்பிட்ட நேரம் வேலை நடக்காவிட்டால் சர்வரே லைசென்ஸைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பொறுப்புக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே இதைக் குறைந்தபட்ச நேரத்துக்கு வைத்துவிடுகிறார்கள். அடுத்த வாரமே சண்டை வந்து, மேலிடத்திலிருந்து 'அதை எடுத்துவிடுங்கள்' என்று உத்தரவும் வருகிறது. அதற்கப்புறம் அந்த அலுவலகத்தில் டைம்அவுட் என்ற பேச்சையே எடுக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் டைம்அவுட் வரி ஆறாவது படியில்தான் வருகிறது.

பொறியியல் மென்பொருள்களில் பரவலாக இருக்கும் ஃப்ளெக்ஸ்நெட் வகை லைசென்ஸ் சர்வரை வைத்தே எழுதுகிறேன். இதன் பழைய பெயர் ஃப்ளெக்ஸ்எல்எம், இன்றும் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். கட்டளைகளின் பெயரை உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

தொடங்கும் முன் தேவையானவை

லைசென்ஸ் சர்வருக்குள் அட்மின் உரிமையோடு நுழையும் வழி, லைசென்ஸ் ஃபைலின் ஒரு பிரதி, சோதனைக்கு இரண்டு கணினிகள், கூடவே இரண்டு வேறு யூசர் பெயர்கள் வேண்டும். ஒரே பெயரை இரண்டு கணினியில் வைத்துச் சோதித்தால் முடிவு குழப்பும். ஒரே ஆள் இரண்டாவது முறை திறப்பதைச் சில நிறுவனங்கள் ஒரே லைசென்ஸாகவும் சில நிறுவனங்கள் இரண்டாகவும் எண்ணும். அதை முடிவு செய்வது மென்பொருள் விற்றவர், நீங்கள் அல்ல.

இன்னொன்றும் வேண்டும்: டிசைன் பிரிவிலிருந்து வேலை தெரிந்த ஒருவர். எந்த வேலை இரவெல்லாம் ஓடும், எது மூன்று நிமிடத்தில் முடியும் என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாமல் ஐடி பிரிவு தனியாக முடிவெடுத்தால் ஆறாம் படியில் மாட்டிக்கொள்ளும்.

1. உங்களிடம் இருப்பது ஃபுளோட்டிங் தானா என்று பாருங்கள்

லைசென்ஸ் ஃபைலைத் திறந்தால் சர்வர் என்று ஒரு வரி, வெண்டர் என்று ஒரு வரி, அதன்கீழ் இன்க்ரிமென்ட் அல்லது ஃபீச்சர் என்று தொடங்கும் வரிகள் இருக்கும். ஃபீச்சர் என்பது தனியாக லைசென்ஸ் எண்ணப்படும் மென்பொருள் அல்லது அதன் ஒரு பகுதி. ஒவ்வொரு ஃபீச்சர் வரியிலும் ஓர் எண்ணிக்கை இருக்கும். எட்டு என்று இருந்தால் ஒரே நேரத்தில் எட்டுப் பேர்.

ஒரு பெயருக்கு ஒரு லைசென்ஸ் என்ற வகை வேறு. ஆட்டோடெஸ்க் 2020 ஆகஸ்டிலிருந்து படிப்படியாகப் பல பேர் பகிரும் சந்தாவை நிறுத்தி, பெயருக்கு ஒன்று என்ற முறைக்கு மாறியது. அந்த வகையில் டைம்அவுட் வைத்து எதையும் மிச்சப்படுத்த முடியாது. ஒரே லாகினை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைச் சிலர் 'ஷேர்டு லைசென்ஸ்' என்கிறார்கள். அது ஒப்பந்த மீறல். அப்படி நடந்துகொண்டிருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

ஒப்பந்தத்தில் இடக் கட்டுப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபுளோட்டிங் லைசென்ஸை ஒரே வளாகத்துக்குள் அல்லது ஒரே நாட்டுக்குள் மட்டும் பயன்படுத்தலாம் என்று சில ஒப்பந்தங்கள் சொல்லும். வேறு ஊர்க் கிளைக்கு விபிஎன் வழியாகத் திறந்துவிடும் முன் இதைப் படிக்க வேண்டும்.

2. எந்த டைம்அவுட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பிரியுங்கள்

'டைம்அவுட் ஆகிவிட்டது' என்று பயனர் சொன்னால் அது குறைந்தது ஐந்து வெவ்வேறு விஷயங்களில் ஒன்றாக இருக்கலாம். பிரிக்காமல் கை வைத்தால் தவறான இடத்தைத் திருகுவீர்கள்.

முதலாவது, விண்டோஸ் திரைப் பூட்டு. இது பாதுகாப்புக்காக இருப்பது. கார்டு பணப் பரிமாற்றத் தரவைக் கையாளும் அலுவலகங்களில் 15 நிமிடம் சும்மா இருந்தால் மறுபடி அடையாளம் கேட்க வேண்டும் என்று பிசிஐ டிஎஸ்எஸ் விதியே இருக்கிறது. திரை பூட்டப்பட்டாலும் பின்னால் மென்பொருள் திறந்தே இருக்கும், லைசென்ஸும் கையிலேயே இருக்கும்.

இரண்டாவது, ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் நேர வரம்பு. மூன்றாவது, மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் ஓய்வு நேர அமைப்பு. நான்காவது, லைசென்ஸ் சர்வரின் ஆப்ஷன்ஸ் ஃபைலில் (நமது விதிகளை எழுதி வைக்கும் ஃபைல்) எழுதும் டைம்அவுட். நமக்கு முக்கியமானது இந்த நான்காவதுதான்.

ஐந்தாவதுதான் பொறி. ஃப்ளெக்ஸ்எல்எம் டைம்அவுட் என்ற பெயரில் பயனர் கணினியில் வைக்கும் ஓர் என்விரான்மென்ட் வேரியபிள் (மென்பொருள்கள் படிக்கும் கணினி அமைப்பு மதிப்பு) இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது ஓய்வு நேரத்தைப் பற்றியதே அல்ல. மென்பொருள் சர்வரைத் தேடும்போது எவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வது. அதன் அளவு மைக்ரோ செகண்டில். ஆப்ஷன்ஸ் ஃபைல் டைம்அவுட்டோ செகண்டில். விபிஎன் மெதுவாக இருந்து 'சர்வர் கிடைக்கவில்லை' என்று வந்தால் அந்த வேரியபிளைக் கூட்டலாம். 15 நிமிட ஓய்வு வைப்பதாக நினைத்து அதில் 900 என்று போட்டால், கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்ட் மட்டும் காத்திருக்கும்படி சொல்லிவிடுகிறீர்கள். மென்பொருள் சர்வரைக் கண்டுபிடிக்காமலே போகலாம்.

3. லாக் சேர ஆரம்பிக்கட்டும்

டைம்அவுட்டைத் தொடும் முன் இரண்டு மூன்று வாரமாவது பழைய நிலையிலேயே லாக், அதாவது சர்வர் எழுதும் நடப்புப் பதிவு, சேர வேண்டும். மாற்றத்துக்கு முன் எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால், பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

விண்டோஸ் சர்வரில் எல்எம்டூல்ஸ் என்ற கருவியில், சர்வீஸை அமைக்கும் பக்கத்தில் டீபக் லாக் எங்கே எழுதப்பட வேண்டும் என்ற கட்டம் இருக்கும். அந்தப் பாதைக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். போடாவிட்டால் சர்வீஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் பழைய லாக் அழிந்து புதிதாகத் தொடங்கும். மாதக் கடைசியில் அப்டேட்டுக்காக சர்வர் ரீஸ்டார்ட் ஆனால் மொத்தக் கணக்கும் போய்விடும்.

லாகில் அவுட் என்றால் லைசென்ஸ் எடுக்கப்பட்டது, இன் என்றால் திரும்பியது, டினைடு என்றால் மறுக்கப்பட்டது. வரிகளில் மணி மட்டும் இருக்கும், தேதி இருக்காது. தேதிக்கு இடையிடையே வரும் டைம்ஸ்டாம்ப் வரிகளைப் பார்க்க வேண்டும். எக்செலில் ஏற்றி எண்ணும்போது இதை மறந்தால் திங்களும் செவ்வாயும் கலந்துவிடும்.

ரிப்போர்ட் லாக் என்று இன்னொன்று உண்டு. அது மனிதர் படிக்கும் வடிவில் இருக்காது, அதற்கென விற்கப்படும் கருவி வேண்டும். சிறிய அலுவலகத்துக்கு டீபக் லாகே போதும்.

டினைடு வரிகளை அப்படியே எண்ணாதீர்கள். லைசென்ஸ் கிடைக்காத மென்பொருள் தானாகவே சில முறை மறுபடி கேட்கும், ஒவ்வொன்றும் ஒரு டினைடு வரி. சில மென்பொருள்கள் முதலில் ஒரு ஃபீச்சரைக் கேட்டு, இல்லையென்றால் அடுத்ததைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அங்கே பயனருக்கு எந்தச் சிரமமும் இல்லை, லாகில் மட்டும் மறுப்பு இருக்கும். ஒரே ஆள் சில நிமிடத்துக்குள் பலமுறை மறுக்கப்பட்டிருந்தால் அதை ஒன்றாக எண்ணுங்கள். உடனே இன்னொரு ஃபீச்சர் அவுட் ஆகியிருந்தால் விட்டுவிடுங்கள். இப்படிச் சலித்த பிறகு பயமுறுத்தும் எண்ணிக்கை பாதியாகக் குறைவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

4. யார், எப்போதிலிருந்து பிடித்து வைத்திருக்கிறார்கள்

லாக் நடந்ததைச் சொல்லும். இப்போது என்ன நிலை என்பதை எல்எம்ஸ்டாட் என்ற கட்டளை சொல்லும். ஒவ்வொரு ஃபீச்சருக்கும் மொத்தம் எத்தனை, எத்தனை வெளியே இருக்கிறது என்று ஒரு வரி வரும். அதன்கீழ் யூசர் பெயர், கணினிப் பெயர், எடுத்த நேரம் எல்லாம் வரும்.

இரண்டு எச்சரிக்கை. அந்த நேரம் லைசென்ஸ் எடுத்த நேரம், கடைசியாக வேலை செய்த நேரம் அல்ல. காலை 9:12-க்கு எடுத்தவர் மாலை வரை உழைத்துக்கொண்டிருக்கலாம். இதை மட்டும் வைத்து 'இவர் சும்மா வைத்திருக்கிறார்' என்று சொல்லிவிட முடியாது. அப்புறம், எல்லா ஃபீச்சரையும் காட்டு என்று நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கிரிப்ட் போட்டு ஓட விடாதீர்கள். பயனர் அதிகமாக இருந்தால் அது சர்வருக்குச் சுமை. தேவையான ஃபீச்சரை மட்டும் பெயர் சொல்லி, பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது அதிகாலை ஐந்து மணி நிலவரத்தை. அந்த நேரத்தில் வெளியே இருக்கும் லைசென்ஸ்களில் இரவு வேலையாக ஓடிக்கொண்டிருப்பவை போக மீதியெல்லாம் நேற்று மாலை திறந்து வைத்துவிட்டுப் போனவை. அவற்றை வைத்திருப்பவர் பத்தரைக்கு வருவார், ஒன்பதரைக்கு வந்தவருக்குக் கிடைக்காது. காலை நெரிசலில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது, டீ இடைவேளையிலிருந்து அல்ல. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் நேரத்தை எவ்வளவு வைப்பது என்ற கேள்வி எளிதாகிவிடும். நான்கு மணி நேர டைம்அவுட் கூட இரவில் விட்டுப் போனவற்றை விடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிடும். அதை 15 நிமிடமாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம், வரும் புகார் நிறைய.

லாகில் இருப்பது பெயர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். 'யார் சும்மா இருக்கிறார்கள் என்று லிஸ்ட் கொடுங்கள்' என்று மேலாளர் கேட்பார். கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. லைசென்ஸ் லாக் வருகைப் பதிவேடு அல்ல. ஒருமுறை அப்படிப் பயன்படுத்தினால், அடுத்த நாளிலிருந்து மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகள் மேசைதோறும் வந்துவிடும். உங்கள் டைம்அவுட்டும் வேலை செய்யாது.

5. டைம்அவுட்டால் தீராத கசிவுகளை முதலில் அடைத்துவிடுங்கள்

ரிமோட் டெஸ்க்டாப் முதல் கசிவு. வீட்டிலிருந்து இணைபவர்கள் ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போகிறார்கள். அது லாக்-ஆஃப் அல்ல, இணைப்பு மட்டும் துண்டிக்கப்படும். அந்தப் பக்கம் மென்பொருள் திறந்தே இருக்கும். விண்டோஸ் குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ் பகுதிக்குள் செஷன் டைம் லிமிட்ஸ் என்ற இடத்தில், துண்டிக்கப்பட்ட செஷனுக்குத் தனி நேர வரம்பு வைக்கலாம். துண்டிக்கப்பட்டதற்கும் இணைப்பில் இருந்தபடி சும்மா இருப்பதற்கும் தனித்தனி அமைப்பு என்பதைக் கவனியுங்கள். துண்டிக்கப்பட்ட செஷனுக்கு வரம்பு வந்தால் செஷன் முடிந்துவிடும், சேமிக்காத வேலையும் போய்விடும். அதனால் இதற்கு முன்கூட்டியே அறிவிப்பு வேண்டும். இரவில் கணக்கீடு ஓட்டிவிட்டு இணைப்பைத் துண்டிப்பவர்கள் இருந்தால் அவர்களுக்குத் தனி பாலிசி வையுங்கள்.

லேப்டாப் இரண்டாவது கசிவு. மூடியைச் சாத்தியதும் கணினி தூங்கிவிடும், நெட்வொர்க் அறுந்துவிடும். ஆனால் சர்வருக்கு யாரும் 'போய் வருகிறேன்' என்று சொல்லவில்லை. எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று டிசிபி இணைப்பு சரிபார்க்கும் இடைவெளி வழக்கமாக இரண்டு மணி நேரம். அதுவரை லைசென்ஸ் வெளியே இருப்பதாகவே கணக்கு காட்டலாம். மூடியைச் சாத்தும் முன் மென்பொருளை மூடச் சொல்வதைத் தவிர இதற்கு நல்ல வழி இல்லை.

போர்ட் விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடுங்கள். லைசென்ஸ் சர்வரில் இரண்டு நிரல்கள் ஓடுகின்றன: வரவேற்கும் எல்எம்ஜிஆர்டி, லைசென்ஸைக் கொடுக்கும் வெண்டர் டீமன். இரண்டுக்கும் தனித்தனி போர்ட். முதலாவதுக்கு 27000 முதல் 27009 வரை வழக்கம். வெண்டர் வரியில் போர்ட் எழுதாவிட்டால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் அது ஏதோ ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஃபயர்வால் தடுக்கும். அன்றைக்கு வரும் பிழையைப் புதிதாக வைத்த டைம்அவுட் மேல் போடுவார்கள். முதலிலேயே ஓர் எண்ணை எழுதி, ஃபயர்வாலில் இரண்டையும் திறந்துவிட்டால் அந்தப் பழி வராது.

6. ஆப்ஷன்ஸ் ஃபைலில் டைம்அவுட் எழுதுங்கள்

இது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். வெண்டர் டீமனின் பெயரையே ஃபைலுக்கும் வைத்து, ஓபிடி என்ற நீட்டிப்போடு லைசென்ஸ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்தால் சர்வர் தானாக எடுத்துக்கொள்ளும். வேறு இடத்தில் வைத்தால் வெண்டர் வரியில் பாதையைச் சொல்ல வேண்டும். பாதையில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் போடுங்கள்.

இங்கே மிக அதிகமாக நடக்கும் தவறு, நோட்பேடில் சேமிக்கும்போது பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்வது. விண்டோஸ் நீட்டிப்புகளை மறைத்து வைத்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. சர்வரும் பிழை எதுவும் காட்டாது. அப்படியொரு ஃபைல் இல்லை என்று நினைத்துப் பேசாமல் இருக்கும். அரை நாள் தேடிய பிறகுதான் தெரியும்.

எழுத வேண்டிய வரி எளிது. டைம்அவுட் என்ற சொல், ஃபீச்சர் பெயர், செகண்ட் எண்ணிக்கை. எல்லா ஃபீச்சருக்கும் சேர்த்து ஒரே வரியில் முடிக்க டைம்அவுட்ஆல் என்ற சொல்லும் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்வேன். ஒரே சர்வரில் வரைபடம் போடும் ஃபீச்சரும் இரவெல்லாம் கணக்குப் போடும் சால்வர் ஃபீச்சரும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே நேர வரம்பு வைத்தால் யாருடைய வேலையாவது கெடும். ஃபீச்சர் வாரியாக எழுதினால் வரிகள் கூடும், ஆனால் எது எங்கே என்று தெரியும்.

எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு வரம்பு உண்டு. மென்பொருள் விற்றவர் ஒரு குறைந்தபட்சத்தை வைத்திருப்பார். வழக்கமாக அது 900 செகண்ட், அதாவது 15 நிமிடம். நீங்கள் 300 என்று எழுதினாலும் அந்தக் குறைந்தபட்சமே நடக்கும். சிலர் இதைவிடக் கூடுதலாகவும் வைத்திருப்பார்கள். உங்கள் மென்பொருளின் கையேட்டில் இதைத் தேடிப் பாருங்கள்.

வரைபட வேலைக்கு நான் 7200-இல் தொடங்கச் சொல்வேன். காகிதத்தில் அச்சிட்டு டிராயிங்கைச் சரிபார்ப்பவர் நாற்பது நிமிடம் விசைப்பலகையைத் தொடாமல் இருப்பார், அது வேலைதான். சாப்பாட்டுக்குப் போனவர் ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடாமல் கிடந்தால் அது உண்மையிலேயே சும்மா கிடப்பது. முதல் மாதம் இதை ஓட விட்டு, லாகில் பகல் நேர மறுப்பு இன்னும் இருந்தால் மட்டும் 3600-க்கு இறங்குங்கள். அதற்குக் கீழே போகும் முன் டிசைன் பிரிவில் பேசிக்கொள்ளுங்கள்.

சால்வர், ரெண்டரிங் போன்ற ஃபீச்சர்களுக்கு டைம்அவுட் வரியே வேண்டாம், அடுத்த படியில் சோதித்துப் பார்க்கும் வரை. காரணம், 'சும்மா இருக்கிறது' என்று முடிவு செய்வது சர்வர் அல்ல. மென்பொருள்தான் 'நான் இப்போது சும்மா இருக்கிறேன்' என்று சர்வருக்குச் சொல்கிறது. நன்றாக எழுதிய மென்பொருள் கணக்கு ஓடும்போது அப்படிச் சொல்லாது. எல்லாம் நன்றாக எழுதப்பட்டவை அல்ல. சில மென்பொருள்கள் இந்த வசதியையே ஆதரிப்பதில்லை. அங்கே நீங்கள் என்ன எண் எழுதினாலும் எதுவும் நடக்காது.

லிங்கர் என்று லைசென்ஸ் ஃபைலிலோ ஆப்ஷன்ஸ் ஃபைலிலோ பார்த்தால் அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது இதற்கு நேர் எதிர். மென்பொருளை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் லைசென்ஸை அவரிடமே விட்டு வைப்பது.

எழுதி முடித்ததும் எல்எம்ரீரீட் கட்டளையைக் கொடுங்கள். சர்வரை நிறுத்தாமலே ஃபைலை மறுபடி படிக்கும். பிறகு லாகைத் திறந்து, எந்த ஆப்ஷன்ஸ் ஃபைலைப் பயன்படுத்துகிறது என்ற வரியில் உங்கள் பாதை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பெயர் தவறு, அல்லது சர்வீஸ் ஓடும் கணக்குக்கு அந்த ஃபோல்டரைப் படிக்க உரிமை இல்லை. ரீரீட்டில் சரியாகவில்லையென்றால் வேலை நேரம் முடிந்த பிறகு சர்வீஸை நிறுத்தித் தொடங்குங்கள்.

7. இரண்டு கணினியில் சோதித்துப் பாருங்கள்

எட்டு லைசென்ஸும் வெளியே போகும் வரை காத்திருக்க வேண்டாம். ஆப்ஷன்ஸ் ஃபைலில் சோதனை யூசர்கள் இருவரையும் ஒரு குரூப்பாக எழுதி, அந்தக் குரூப்புக்கு மேக்ஸ் 1 என்று வரம்பு போடுங்கள். இப்போது இருவருக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ். டைம்அவுட்டைத் தற்காலிகமாக 900-க்கு இறக்குங்கள். அந்த ஃபீச்சரைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால் மாலையில் செய்வது நல்லது.

முதல் ஆள் திறந்து ஒரு கோட்டைப் போட்டுவிட்டு, சேமிக்காமல் கையை எடுக்கட்டும். 15 நிமிடம் முடிந்த நொடியே திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம், சில நிமிடம் கூடுதலாகும். லாகில் இன் வரியின் கடைசியில் இன்ஆக்டிவ் என்று வந்தால் டைம்அவுட் வேலை செய்திருக்கிறது. இரண்டாவது ஆள் உடனே திறக்கட்டும். பிறகு முதல் ஆள் திரும்பி வந்து மவுஸைத் தொடட்டும்.

இந்தக் கட்டத்தில் திரையில் என்ன வருகிறது என்பதை வார்த்தை மாறாமல் எழுதி வையுங்கள், படமும் எடுங்கள். ஆட்டோகேட் போன்றவை லைசென்ஸ் இல்லையென்றால் சேமித்துவிட்டு மூட வாய்ப்பு கொடுக்கும். எல்லா மென்பொருளும் இந்த அளவுக்கு மரியாதையாக நடந்துகொள்ளாது. சேமிக்க விடாமல் மூடும் மென்பொருள் என்றால், அதன் தானியங்கிச் சேமிப்பு இடைவெளி டைம்அவுட்டைவிடக் குறைவாக இருப்பதை எல்லாக் கணினியிலும் உறுதி செய்யாமல் மேலே போகக் கூடாது. ஆட்டோகேடில் இந்த இடைவெளி தொடக்கத்தில் 10 நிமிடம் என்று இருக்கும். வேகமாக இல்லை என்று சொல்லி அதை அணைத்து வைத்தவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருப்பார்கள்.

அடுத்து நீண்ட வேலையைச் சோதியுங்கள். டைம்அவுட்டைவிட நீளமான ஒரு கணக்கை ஓட விட்டு, நடுவில் லைசென்ஸ் பறிபோகிறதா என்று பாருங்கள். ஒரு டயலாக் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டும் பாருங்கள். சில மென்பொருள்களில் பெட்டி திறந்திருக்கும் வரை சும்மா இருப்பதாகவே கணக்கில் வராது. சோதனை முடிந்ததும் மேக்ஸ் வரியை எடுத்து, எண்ணை 7200-க்கு மாற்றி மறுபடி ரீரீட் கொடுங்கள். இதை மறந்து வீட்டுக்குப் போனால் காலையில் போன் வரும்.

8. பயனர்களிடம் சொல்லுங்கள்

அமல்படுத்துவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரே ஒரு மின்னஞ்சல். எந்த மென்பொருள், எவ்வளவு நேரம், திரும்பி வரும்போது திரையில் என்ன வரும் (ஏழாம் படியில் எடுத்த படம்), அப்போது என்ன அழுத்த வேண்டும். இவ்வளவு போதும். 'லைசென்ஸைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள்' என்ற தொனி வந்துவிடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வேலை யாரிடமாவது இருந்தால் பதில் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சோதிக்காத ஒரு வேலை கட்டாயம் அந்தப் பதில்களில் வரும்.

9. ரிசர்வ், மேக்ஸ், இன்க்லூட்: எதைத் தொடலாம்

டைம்அவுட் வந்த பிறகு அடுத்த கோரிக்கை இப்படித்தான் வரும்: 'எங்கள் டீமுக்கு மட்டும் இரண்டு லைசென்ஸ் ஒதுக்கிவிடுங்கள்.' ரிசர்வ் என்ற வரியால் அதைச் செய்யலாம். ஆனால் ஒதுக்கிய இரண்டும் அந்த டீம் பயன்படுத்தாத நேரத்திலும் வேறு யாருக்கும் போகாது. டைம்அவுட் வைத்துச் சேர்த்ததை இங்கே தொலைத்துவிடுவீர்கள். அதற்குப் பதில் மற்ற குரூப்புக்கு மேக்ஸ் வரம்பு வைப்பது பெரும்பாலும் மேல். எட்டில் ஆறுக்கு மேல் அவர்கள் எடுக்க முடியாது என்றால், இரண்டு தானாகவே மிஞ்சும்.

இன்க்லூட் வரி எழுதும்போது கவனம். ஒரு ஃபீச்சருக்கு ஒருவரை இன்க்லூட் செய்தால், அந்தப் பட்டியலில் இல்லாத எல்லோரும் வெளியே. 'இவரையும் சேர்த்துக்கொள்' என்று நினைத்து எழுதி, மொத்த அலுவலகத்தையும் வெளியே தள்ளியவர்கள் உண்டு. ஒரே ஆள் இன்க்லூடிலும் எக்ஸ்க்லூடிலும் இருந்தால் எக்ஸ்க்லூடே வெல்லும்.

யூசர் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறாகவே பார்க்கப்படும். குரூப்கேஸ்இன்சென்சிட்டிவ் என்ற வரியை ஆன் செய்தால் குரூப்களில் இந்தத் தொல்லை தீரும். ஃபைலின் முதல் வரியாக இதை எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

10. கடனாகப் போன லைசென்ஸ்

சைட்டுக்குப் போகிறவர் சில நாளுக்கு லைசென்ஸை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போகலாம், இதற்குப் பெயர் பாரோ. கடன் முடியும் வரை டைம்அவுட் அதைத் தொடாது. முன்கூட்டியே திருப்பும் வசதியை மென்பொருள் விற்றவர் கொடுத்திருந்தால் மட்டும் முடியும். அதனால் ஒரு முறைக்கு அதிகபட்சம் எத்தனை மணி நேரம், குறைந்தது எத்தனை லைசென்ஸ் அலுவலகத்திலேயே இருக்க வேண்டும் என்ற இரண்டு வரம்பையும் ஆப்ஷன்ஸ் ஃபைலில் வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை கடன் வாங்கி, பதினைந்து நாள் லீவில் போனவரின் லேப்டாப் பீரோவுக்குள் இருந்தால் சர்வரிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

11. அவசரத்துக்கு எல்எம்ரிமூவ்

ஒருவர் கணினி தொங்கிவிட்டது, லைசென்ஸ் மாட்டிக்கொண்டது, அடுத்தவர் காத்திருக்கிறார். லைசென்ஸைக் கையால் பறிக்கும் கட்டளைதான் எல்எம்ரிமூவ். அப்போது எல்எம்ஸ்டாட் வரியில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சர்வர் பெயர், போர்ட், ஓர் எண் இருக்கும். கடைசி எண்தான் ஹேண்டில். எல்எம்ரிமூவுக்கு ஃபீச்சர் பெயரோடு இந்த மூன்றையும் கொடுத்தால் அந்த ஒரு லைசென்ஸ் மட்டும் திரும்பும்.

இதை இரவு பத்து மணிக்கு எல்லோருக்கும் ஓடும் ஸ்கிரிப்டாக மாற்றும் ஆசை வரும். வேண்டாம். மென்பொருள் இன்னும் உயிரோடு இருந்தால் அடுத்த முறை சர்வரைத் தொடர்புகொள்ளும்போது லைசென்ஸை மறுபடி எடுத்துக்கொள்ளும், ஸ்கிரிப்ட் வீண். எடுக்க முடியாவிட்டால் சேமிக்காத வேலையோடு மூடிக்கொள்ளலாம். டைம்அவுட் சும்மா இருப்பதைப் பார்த்து எடுக்கிறது, எல்எம்ரிமூவ் எதையும் பார்ப்பதில்லை.

12. ஒரு மாதம் கழித்தும், பதிப்பு மாறும்போதும்

மூன்றாம் படியில் சேர்த்த கணக்கை அதே முறையில் சலித்து மறுபடி எடுங்கள். காலை மறுப்புகள் காணாமல் போய், பகலில் மட்டும் மிச்சம் இருந்தால் எண்ணை ஒரு படி இறக்கலாம். எட்டும் வெளியே இருக்கும் நேரத்தில் இன்ஆக்டிவ் வரிகளே இல்லாமல் மறுப்பு மட்டும் வந்துகொண்டிருந்தால், எல்லோரும் உண்மையிலேயே வேலை செய்கிறார்கள். அங்கே டைம்அவுட்டை இறுக்கிப் பயனில்லை, ஒன்பதாவது லைசென்ஸ்தான் வேண்டும். அந்த லாகையே பர்ச்சேஸ் பிரிவுக்கு அனுப்புங்கள், வாய்மொழிப் புகாரைவிட அது நன்றாகப் பேசும்.

புதிய பதிப்புக்கு மாறும்போது ஃபீச்சர் பெயர்களை மறக்காமல் ஒப்பிடுங்கள். ஆட்டோடெஸ்க் போன்ற நிறுவனங்களின் ஃபீச்சர் பெயரிலேயே பதிப்பு ஆண்டும் சேர்ந்திருக்கும். லைசென்ஸ் ஃபைல் புதிதாக வரும், ஆப்ஷன்ஸ் ஃபைலில் மட்டும் பழைய பெயர் அப்படியே கிடக்கும். யாரும் பிழைச் செய்தி தர மாட்டார்கள், டைம்அவுட் மட்டும் நின்றுபோயிருக்கும். அப்டேட் முடிந்த அன்று மாலையே ஏழாம் படியின் முதல் சோதனையை மறுபடி ஓட்டி, இன்ஆக்டிவ் வரி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.